விருந்தாளிக்கு வைத்த தண்ணீர்

டோரதியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவளுடைய துடைப்பத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் சூசையப்பர் குப்பத்தில் காக்கை கரைவதற்கு முன்னால் அந்தத் துடைப்பத்தின் சத்தம் கேட்டுவிடும். தன் வாசலைப் பெருக்குவாள், என் வாசலைப் பெருக்குவாள், அப்படியே எதிர்வீட்டு வாசலுக்கும் போய்விடுவாள். ஆலைச் சாம்பல் காற்றில் பறந்து வந்து படிகிற ஊரில் வாசல் பெருக்குவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற வேலை. வெயில் ஏறுவதற்குள் எல்லாம் மறுபடி சாம்பல் பூத்துவிடும். அவளும் மறுபடி துடைப்பத்தை எடுப்பாள்.

"இன்னாடி, குப்பத்தையே கான்ட்ராக்ட் எட்துகினியா?" என்று கிண்டல் செய்வேன்.

"ஊரான் நம்ம பக்கம் வந்தா மூக்கப் பொத்திகினு போறான் ஜானட்டு. கலீஜ் பசங்கன்றான். அவன் அப்டிச் சொல்ற மாரி நாம வெச்சிக்கக் கூடாது" என்பாள்.

ராயபுரத்தில் பிறந்தவள். கோயில் மணி கேட்கிற தூரத்தில் வீடு, ரயில்வேயில் அப்பா, குழாயைத் திறந்தால் தண்ணீர். அங்கிருந்து செல்வநாதனைக் கட்டிக்கொண்டு எர்ணாவூர் தாண்டி இந்தக் குப்பத்துக்கு வந்தாள். செல்வநாதன் கன்டெய்னர் யார்டில் கூலி வேலை செய்கிறவன். வாயில்லாப் பூச்சி. அவனுக்கும் சேர்த்து இவள் பேசுவாள் என்று நினைத்தால், அவளும் அப்போதெல்லாம் நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்க மாட்டாள். என் வாய் ஒன்றுதான் அந்தத் தெருவில் கேட்கும்.

எங்கள் குப்பம் ஒரு இரண்டுங்கெட்டான் ஊர். பட்டணத்துத் திட்டம் வந்தால் நீங்கள் கிராமம் என்பார்கள். கிராமத்துத் திட்டம் வந்தால் நீங்கள் பட்டணம் என்பார்கள். இந்த இழுபறியில் ரோடு வரவில்லை, சாக்கடை வரவில்லை, குழாய்த் தண்ணீரும் வரவில்லை. மாதா சிலை இருக்கிற கெபிக்குப் பக்கத்தில் ஒரு போர் போட்டு, மேடை கட்டி, மேலே கறுப்பு டேங்க் ஒன்றை வைத்துக் கொடுத்தார்கள். மோட்டார் போட்டால் போர்த் தண்ணீர் டேங்கில் ஏறும். டேங்க் குழாயில் நாங்கள் பிடித்துக்கொள்வோம். ஆரம்பத்தில் அந்தத் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. பிறகு உப்புக் கரித்தது. பிறகு மஞ்சளானது. கடைசியில் குடத்தில் பிடித்து வைத்தால் மேலே எண்ணெய் போல ஆடை கட்ட ஆரம்பித்தது. சோறு பழுப்பாக வெந்தது, பருப்பு வேகவே இல்லை. சுற்றி இருக்கிற ஆலைகளில் எது செய்த வேலை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எந்த ஆலை என்று தெரிந்து எங்களுக்கு ஆகப் போவது என்ன, குடிக்கிறது நாங்கள்தானே.

லாரித் தண்ணீர் உண்டு. மாப்பிள்ளை மாதிரி, நினைத்தால் வரும், கோபித்துக்கொண்டால் வராது. வந்த அன்று கிடைத்த குடங்களை வீட்டுக்குள் மூடி வைத்துக்கொண்டு, அடுத்த லாரி வரும்வரை குடிக்க மட்டும் தொட்டுக்கொள்வோம். தீர்ந்துபோனால் கேன் வாங்க வேண்டும். கேனே வாங்கிக் குடித்தால் கூலிக்காரன் வீட்டில் அடுப்பு எரியாது.

டோரதிக்கு ஒரே பெண், ஆன்சி. சுட்டி என்றால் சுட்டி, என் மடியில் உட்கார்ந்துகொண்டு என் தாலிச் சங்கிலியின் கண்ணிகளை எண்ணுவாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயதில் ஒரு நாள் காலையில் முகம் வீங்கி எழுந்தாள். கண் திறக்க முடியவில்லை. நான் திருவொற்றியூரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். எங்கள் கடைக்கு வந்த டாக்டர் சீட்டுகளில் எங்கள் பக்கத்துப் பெயர்களையே நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த வீக்கத்தைப் பார்த்ததும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னேன். சிறுநீரகக் கோளாறு என்றார்கள். நல்ல தண்ணீர் மட்டும் குடிக்க வேண்டும், போர்த் தண்ணீர் ஒரு வாய்கூட ஆகாது என்றார் டாக்டர்.

டோரதி கேன் வாங்கினாள். அவளும் செல்வநாதனும் போர்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டு, கேன் தண்ணீரைக் குழந்தைக்கு மட்டும் கொடுத்தார்கள். ஆனால் குழந்தை வீட்டுக்குள்ளேயே இருக்குமா? பசங்களோடு ஓடிப்பிடித்து விளையாடிவிட்டு, தாகம் எடுத்தால் எல்லாப் பிள்ளைகளும் செய்வதைத்தான் ஆன்சியும் செய்தாள். டேங்க் குழாயைத் திறந்து வாயை வைத்தாள். இரண்டாம் முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் கத்தினார். மூன்றாம் முறை இப்படி இட்டு வந்தால் நான் பொறுப்பில்லை என்றார்.

டோரதியின் தங்கை பிலோமினா வண்ணாரப்பேட்டையில் இருக்கிறாள். அவள் புருஷன் துணிக்கடை ஒன்றில் தையல்காரன். குழந்தை இல்லாத வீடு. "எங்கிட்ட வுடுக்கா, கண்ணு மாரி பாத்துக்கறேன்" என்று அவளே கேட்டாள். கேட்டது நல்ல மனசோடுதான். ஆன்சியின் துணிமணியையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு டோரதி போனபோது நானும் கூடப் போனேன். ஜனநெருக்கடித் தெரு, கீழே கடை, மேலே வீடு. சமையல்கட்டில் குழாய். ஆன்சி அதைத் திறந்து திறந்து மூடினாள்.

"நா எப்பம்மா நம்ம வூட்டுக்கு வர்றது?"

"கொழா தண்ணி வர்ற அன்னிக்கே அம்மா ஓடியாந்து உன்ன இட்டுகினு பூடுவேன்."

"சீக்கிரம் வர்மா?"

"சீக்கிரம் வர்ம்டி கண்ணு."

திரும்பி வரும்போது பஸ் திருவொற்றியூர்த் தேரடி தாண்டியதும் டோரதி, "ஜானட்டு, உனுக்கு எழுத வர்ம் இல்ல? ஒரு மனு எழுதிக் குடு" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. தண்ணீர் வந்தால் பெண் வருவாள். தண்ணீர் என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆன்சி என்றுதான் காதில் விழும்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். திங்கள் தவறாமல் போனோம். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த எல்லாரையும் டோரதி பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டாள். வாயைத் திறக்காதவள் பேசக் கற்றுக்கொண்டாள். வீடு வீடாகப் போனாள். "உன் புள்ளைக்கு நாளைக்கு இன்னா ஆவும்னு நெனச்சிப் பாத்தியா?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டாள். மீன் விற்கிற முத்தம்மா, யார் சொன்னாலும் கேட்காத மனுஷி, கூடையை இறக்கி வைத்துவிட்டு இவள் சொன்னதைக் கேட்டாள். ஒரு காலையில் குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் காலிக் குடங்களோடு போய் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தோம்.

எங்கள் பக்கத்து நெடுஞ்சாலையில் யாரும் மறிக்காமலேயே கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும். மறித்தால் கேட்க வேண்டுமா? பார்க்கிற தூரம் வரைக்கும் பெட்டி பெட்டியாக நின்றது. யார்டு மேஸ்திரி செல்வநாதனைப் பிடித்துக் கத்தினானாம், வண்டியெல்லாம் எங்கேடா என்று. செல்வநாதன் தலையைச் சொறிந்துகொண்டு, "என் பொண்டாட்டி ரோட்ல குந்திகினு கீறா சார்" என்றானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். போராட்டத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

போலீஸ் வந்தது, பேச்சு வார்த்தை நடந்தது. வியாழக்கிழமை தண்ணீர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், எர்ணாவூர் வரைக்கும் வருகிற புதுக் குழாயை உங்கள் குப்பத்துக்கும் நீட்டுவதா இல்லையா என்று அவர்தான் முடிவு செய்வார் என்றார்கள். டோரதி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே ஆன்சியின் பாயை வெயிலில் போட்டு உதறினாள்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஈஸ்டர் முடிந்ததும் பங்குச்சாமியார் வீடு மந்திரிக்க வருவார். கெபிக்குப் பக்கத்திலேயே டேங்க் இருப்பதால், அந்தக் குழாயில் பிடித்த தண்ணீரைத்தான் மந்திரித்துத் தீர்த்தமாக்கி எல்லா வீட்டுக்கும் தெளிப்பார். அந்த மஞ்சள் தண்ணீரை எப்படி மந்திரிக்கக் கொடுப்பது? அதனால் முதல் நாளே டேங்கைக் காலி செய்து, உள்ளே இறங்கித் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, வீட்டுக்கு ஒரு குடம் லாரித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிடுவோம். சாமியார் கை கழுவுவதும் அதில்தான், குடிப்பதும் அதில்தான். எங்களுக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வருகிறவருக்கு நல்ல தண்ணீர் வைக்க வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, நாங்கள் அப்படித்தான்.

அதிகாரி வருகிறார் என்றதும் எங்களுக்குத் தெரிந்த ஒரே வருகைக்கு என்ன செய்வோமோ அதைச் செய்தோம். நேரில் வந்து பார்ப்பது என்றால் வந்து, உட்கார்ந்து, நாங்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கண் இருக்கிறவருக்குக் குப்பத்தைப் பார்த்தால் தெரியாதா, காது இருக்கிறவருக்குச் சொன்னால் புரியாதா? புதன்கிழமை டேங்கைத் தேய்த்தோம். டோரதியே உள்ளே இறங்கினாள். அந்த வாரம் லாரி ஒரே ஒரு முறைதான் வந்திருந்தது. இருந்தும் வீட்டுக்கு ஒரு குடம் என்றதும் யாரும் முகம் சுளிக்கவில்லை. முத்தம்மா வீட்டில் இருந்ததே ஒரு குடம். அதை அவளே தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி ஊற்றினாள்.

வியாழக்கிழமை குப்பம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. தெருவில் ஒரு குப்பை கிடையாது. கெபிக்குப் புது மாலை. அதிகாரி நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தார். கூட ஓர் உதவியாளர், இளைஞன், கையில் ஒரு பெட்டியோடு வந்தான். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். டோரதி தன் கதையைச் சொன்னாள். ஆன்சியின் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினாள். அவர் "அடடா" என்றார். டீயைக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்றார். குப்பம் சுத்தமாக இருக்கிறதே என்றும் சொன்னார். அதைக் கேட்டு டோரதிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அதற்குள் அந்த உதவியாளர் எழுந்து டேங்க் குழாய்ப் பக்கம் போய், பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினான். வழிக்குக் குடிக்கத் தண்ணீர் பிடிக்கிறான் என்று நினைத்து டோரதி ஓடிப் போய்க் குழாயை நன்றாகத் திறந்துவிட்டாள்.

"நல்லா நெறையப் புட்ச்சிக்கோ தம்பி. இன்னொரு பாட்டல் கீதா? அதையும் குடு."

இரண்டு பாட்டிலையும் அவளே பிடித்துக் கொடுத்தாள். அவன் மூடியைத் திருகி, சீட்டு ஒட்டி, பெட்டிக்குள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்தான். சீட்டு ஒட்டுவதைப் பார்த்ததும் நான் கிட்டே போனேன்.

"எதுக்கு சார் சீட்டு?" என்றேன்.

"டெஸ்ட்டுக்கும்மா. லேப்ல கொடுக்கணும்."

டோரதி சிரித்த முகம் மாறாமலேயே நின்றாள். புரிய அவளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

"ஐயோ தம்பி, அது எங்க தண்ணி இல்லப்பா! அது லாரி தண்ணி. உங்களுக்குன்னு ஊத்தி வெச்சது. அத்தக் கீழ கொட்டிடு. மோட்டார் போட்றேன், எங்க தண்ணியப் புடி."

ஓடிப்போய் மோட்டார் சுவிட்சைப் போட்டாள். ஓடவில்லை. அன்றைக்கு மின்சாரப் பராமரிப்பு என்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. பட்ட காலிலே படும் என்பார்கள்.

அதிகாரி எழுந்து வந்தார். "இது உங்க டேங்க்தானே?"

"ஆமா சார்."

"இது நீங்க தண்ணி பிடிக்கிற குழாய்தானே?"

"ஆமா சார். தண்ணிதான் சார் எங்களுது இல்ல."

அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். சாயங்காலம்தான் கரண்ட் வரும் என்றோம். இருங்கள் சார் என்று கெஞ்சினோம். யாரோ ஒருத்தி வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவ வைத்திருந்த போர்த் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுவந்தாள். அதெல்லாம் எடுக்க முடியாது, குழாயிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றான் உதவியாளன். "சரிம்மா, இன்னொரு நாள் வர்றோம். ரிப்போர்ட்ல குறிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அதிகாரி வண்டி ஏறினார். குறித்தாரோ என்னவோ, அது கர்த்தருக்குத்தான் தெரியும்.

ரிப்போர்ட் வந்தது. எங்கள் போர்த் தண்ணீர் குடிக்க உகந்தது என்று வந்தது.

நானும் டோரதியும் பெரிய ஆபீசுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். வேறொரு அதிகாரி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு காகிதத்தைப் படித்தார். டோரதி போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோயிருந்தாள். அதை மேசைமேல் வைத்தாள். ஃபைல் நனையுது, எடுங்க என்றார். எடுத்தாள். பாட்டில் இருந்த இடத்தில் வட்டமாக மஞ்சள் ஈரம். அதை அவர் துணியால் துடைத்துவிட்டார்.

"தண்ணிய மாத்தி வெச்சது நீங்க. இப்ப தப்புன்னு சொல்றதும் நீங்க. எதம்மா நம்புறது? நாளைக்கு நீங்களே எதையாவது கலந்துட்டு டெஸ்ட் எடுங்கன்னு வரமாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"வூட்டுக்கு வர்ற விருந்தாளிக்குக் கெட்ட தண்ணியா சார் வெப்பாங்க?"

"நான் விருந்தாளி இல்லம்மா, அதிகாரி" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நான்தான் கத்தினேன். சுத்தமாக இருந்தால் உங்களுக்கு என்ன குறை என்பீர்கள், அழுக்காக இருந்தால் இதுகள் இப்படித்தான் என்பீர்கள், நாங்கள் எப்படித்தான் இருந்து தொலைக்கிறது என்று கேட்டேன். காவலாளி வந்து எங்களை வெளியே கொண்டுவந்து விட்டார். அந்தக் கேள்வியை இப்போதும் கேட்கிறேன்.

குப்பத்தில் பேச்சு மாறியது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள் என்றார்கள். தன் தலையில் மட்டுமா, எங்கள் தலையிலும் போட்டாளே என்றார்கள். டேங்கை எல்லாரும் சேர்ந்துதான் தேய்த்தோம், குடத்தை எல்லாரும் சேர்ந்துதான் ஊற்றினோம். ஆனால் பழி என்று வந்தால் அதைச் சுமக்க ஒரு தலைதான் வேண்டியிருக்கிறது. முத்தம்மா நடுத்தெருவில் நின்று கத்தினாள்.

"உன் பவுசுக்கு என் கொடத்தையும் இல்ல ஊத்த வெச்ச! துடைப்பக்கட்டையத் தூக்கிகினு திரிஞ்சா பெரிய இவளா நீ?"

அடுத்த நாள் காலையில் காக்கைதான் கரைந்தது. கண் விழித்துப் படுத்துக்கொண்டு, அந்தத் துடைப்பச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

புதுக் குழாய் வந்தது. எர்ணாவூர்ப் பக்கமிருந்து பள்ளம் தோண்டிக்கொண்டே வந்தார்கள். நீல நிறக் குழாய்களை எங்கள் தெருமுனையிலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அதன்மேல் ஏறிக் குதித்தார்கள். டோரதி தினமும் போய் நின்று பார்த்தாள், தோண்டுகிற ஆட்களுக்கு டீ வைத்துக்கொடுத்தாள். தெருமுனையில் பள்ளம் இடது கைப் பக்கம் திரும்பி வேறு குடியிருப்புக்குப் போய்விட்டது. எங்களுக்குத் தரமான சொந்த நீர் இருப்பதால் இந்தக் கட்டத்தில் எங்கள் குப்பம் இல்லையாம். பள்ளத்தை மூடிய மண்ணின்மேல் அவள் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள். செல்வநாதன்தான் வந்து கையைப் பிடித்து இட்டுக்கொண்டு போனான்.

அப்புறமும் திங்கட்கிழமைகளில் போய்க்கொண்டுதான் இருந்தோம். கூட வருகிறவர்கள் குறைந்தார்கள், கடைசியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். இரண்டு ஈஸ்டர் கழிந்த பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வந்து மறுபடி தண்ணீர் எடுத்துப் போனார்கள். இந்த முறை எங்கள் தண்ணீரே போயிற்று. குடிக்க உகந்ததல்ல என்று வந்தது. ஓர் ஆள் வந்து டேங்க்மேல் சிவப்பு மையால் அதை எழுதிவிட்டுப் போனான். எங்களுக்குத் தெரிந்ததை எங்களுக்கே எழுதிக் காட்டினார்கள். குழாய்? அடுத்த கட்டத்தில் பார்ப்பார்களாம். அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டால், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்றார்கள்.

ஞாயிறுதோறும் டோரதி வண்ணாரப்பேட்டைக்குப் போவாள். முதலில் ஆன்சி கட்டிக்கொண்டு அழுவாள். எப்பம்மா, எப்பம்மா என்று உயிரை எடுப்பாள். அப்புறம் கேட்பது குறைந்தது. அங்கே பள்ளிக்கூடம், அங்கே சிநேகிதிகள். உடம்பு தேறிவிட்டது, முகம் வீங்குவதில்லை. நெடுநெடுவென்று வளர்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டோரதி போனபோது, பிறந்தநாள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லி ஆன்சி சீக்கிரமே கிளம்பிப் போய்விட்டாளாம். "அவ நல்லா கீறா ஜானட்டு. சோக்கா கீறா" என்றாள் டோரதி. சொல்லிவிட்டு அழுதாள்.

போன மாதம் எங்கள் கெபித் திருவிழா. திருவிழாவுக்கு ஆன்சியை இட்டுக்கொண்டு பிலோமினா வந்தாள். பிள்ளை வெகுகாலம் கழித்து வீட்டுக்கு வருகிறாள் என்று டோரதி செய்த அமர்க்களம் சொல்லி முடியாது. சுவருக்கு வெள்ளை அடித்தாள், இறால் வாங்கினாள், சீல் உடைக்காத கேன் ஒன்று வாங்கி மூலையில் வைத்தாள். அந்தக் கேனில் நாங்கள் யாரும் ஒரு வாய் குடிக்கவில்லை.

ஆன்சி வந்தாள். கூடத்தில் கால் வைக்கும்போது செருப்பை எங்கே விடுவது என்று அம்மாவைக் கேட்டாள். நான் கன்னத்தைக் கிள்ளியதும் கூச்சப்பட்டுச் சிரித்தாள். நல்ல பெண், மரியாதையான பெண். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொன்னாள். தேர் பார்த்தாள், இறால் சோறு சாப்பிட்டாள். காரம் ஏறி மூக்கெல்லாம் சிவந்துவிட்டது. கொண்டுவந்த பாட்டில் தண்ணீர் தேர் பார்க்கும்போதே தீர்ந்திருந்தது.

டோரதி கேனைச் சாய்த்து ஒரு டம்ளர் பிடித்துக் கொண்டுவந்து நீட்டினாள். பளிங்கு மாதிரித் தண்ணீர்.

"குட்சிக்கோ கண்ணு."

ஆன்சி டம்ளரைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள். கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"வேணாம்மா."

"உறைக்குதுடி உனுக்கு. கண்ணுல தண்ணி வர்து பாரு."

"பரவால்லமா. வூட்டுக்குப் போயி குட்சிக்கறேன்."

டோரதி குனிந்து, டம்ளரைப் பிள்ளையின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"இது கேன் தண்ணிடி. நல்ல தண்ணி. உனுக்குன்னு வாங்கி வெச்சது. எங்க தண்ணி இல்லடி இது. அம்மா பொய் சொல்வனா?"

ஆன்சி எச்சிலை விழுங்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். இல்லை என்று ஆட்டினாளா, வேண்டாம் என்று ஆட்டினாளா, தெரியவில்லை. ஆனால் வாங்கவில்லை. பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வுடுக்கா, ஆஸ்பத்திரி பயம் அவளுக்கு. இந்தப் பக்கம் ஒரு சொட்டு குடிக்கக் கூடாதுன்னு நாந்தான் சொல்லிச் சொல்லி வளத்தேன்" என்றாள். தாகத்தோடு பிள்ளையை வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று இருட்டுவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். ஆட்டோ ஏறும்போது ஆன்சி அம்மாவுக்கு முத்தம் கொடுத்தாள். என்னிடம், "வர்றேன் ஆன்ட்டி" என்றாள்.

ஆட்டோ போன பிறகும் டோரதி அந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டே வாசலில் நின்றாள். உள்ளே வா என்று தோளைத் தொட்டேன். பிள்ளை பயத்தில் சொன்னது, மனசில் வைத்துக்கொள்ளாதே, மெல்லச் சொன்னால் நம்புவாள் என்று எனக்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.

"வேணாம் ஜானட்டு" என்றாள். "நம்ப வேணாம். என்ன நம்பாம இருந்தாத்தான் அவ உசுரோட இருப்பா."

உள்ளே போனாள். கூடத்து மூலையில் மடித்து வைத்திருந்த ஆன்சியின் பாயை எடுத்துக்கொண்டு வந்து, இனி உன் வீட்டில் யாருக்காவது ஆகும் என்று என் கையில் கொடுத்தாள்.